சம்பாதிக்கத் தகுதி

கல்லூரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் வருகைப் பதிவெடுக்கும் ஆசிரியர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் கொட்டாவி. முதலாமாண்டில் புள்ளியியல் பேராசிரியர் சராசரியைப் பற்றி உருகி உருகி விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு கொட்டாவி விட்டாள். அது பக்கத்துப் பெண்ணைப் பிடித்து, வரிசை வரிசையாகப் பின்னால் போய், சுவரில் முட்டித் திரும்பி வந்து, கடைசியில் பேராசிரியரையே வாயைப் பிளக்க வைத்துவிட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

அவள் ஒன்றும் சோம்பேறி இல்லை. வகுப்பு முடிந்த மறுநிமிடம் கல்லூரிக்குப் பின்தெருவில் இருந்த சலவைக் கடைக்கு ஓடுவாள். தங்கும் விடுதிகளின் தலையணை உறையும் மருத்துவமனைத் துண்டும் அலுவலகக்காரர்களின் சட்டையும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். சட்டைப் பைகளைத் துழாவிப் பார்க்க வேண்டும். வெள்ளை வேறு, வண்ணம் வேறாகப் பிரிக்க வேண்டும். காலர் அழுக்கைத் தனியே சோப்புப் போட்டுக் கசக்க வேண்டும். அதற்கப்புறம் நீராவிப் பெட்டியின் முன்னால் நின்று தேய்க்க வேண்டும். வீடு வந்து சேரும்போது உடம்பில் சோப்பு வாசனையும் தூக்கமும்தான் மிச்சமிருக்கும்.

அப்பா லாரி ஓட்டியவர். முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியதிலிருந்து கூடத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அம்மா ஆயத்த ஆடை ஆலையில் நாள் முழுக்கச் சட்டைக் கை தைத்தாள். அம்மாவின் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிற்று. மகளின் சம்பளம் அப்பாவின் மாத்திரைக்கும் அவளுடைய பேருந்துக்கும் போயிற்று. இப்படி ஒருவிதமாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கல்லூரி வந்து ஏறியது.

கல்லூரிக்கு ஒரு மதிப்பீட்டுக் குழு வரப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. ‘மாணவர்கள் படிக்கும்போதே பகுதிநேரமாகச் சம்பாதிக்க நீங்கள் என்ன வழி செய்திருக்கிறீர்கள்?’ என்று அதில் ஒரு கேள்வி. பதிலுக்கு விட்டிருந்த இடம் காலியாகக் கிடந்தது. முதல்வருக்குக் காலியிடம் என்றாலே ஆகாது. உடனே ‘மாணவர் சுயவருவாய் வழிகாட்டு மையம்’ என்று ஒன்றைத் தொடங்கி, எல்லா மாணவர்களையும் அரங்கத்தில் கூட்டிவிட்டார்.

“மாணவச் செல்வங்களே!” என்று ஆரம்பித்தார். “நான் படிக்கிற காலத்துல ஒரு நாள்கூட வேலைக்குப் போனது கிடையாது. எங்கப்பா போக விடல. அதனாலதான் உழைப்போட அருமை எனக்கு ரொம்ப நல்லாத் தெரியும்.”

ஆசிரியர்கள் கை தட்டினார்கள்.

“காசு சம்பாதிக்கிறது பெரிய விஷயமே இல்ல. யார் வேணும்னாலும் சம்பாதிக்கலாம். ஆனா சம்பாதிக்க ஒரு தகுதி வேணாமா? அந்தத் தகுதியக் குடுக்கத்தான் இந்த மையம். இனிமே நம்ம மாணவர் ஒருத்தர்கூடத் தகுதி இல்லாமச் சம்பாதிக்கக் கூடாது. சரி, இப்பவே வேலைக்குப் போறவங்க யாராவது இருக்கீங்களா? கூச்சப்படாமக் கையத் தூக்குங்க பாப்போம்.”

ஒரு கையும் எழவில்லை. கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்த பையன் தன் செருப்பைக் கூர்ந்து கவனித்தான். மருந்துக் கடையில் பெட்டி அடுக்கிய பெண்ணுக்குத் திடீரென்று மின்விசிறியின் மீது அக்கறை பிறந்தது. கை தூக்கினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். கொட்டாவிக்கும் தெரிந்திருக்கும், விழித்துக்கொண்டிருந்திருந்தால். அவள் அப்போதுதான் ஒரு குட்டித் தூக்கம் முடிந்து, கேள்வி எதுவும் காதில் விழாமல், இரண்டு கைகளையும் மேலே நீட்டி நிம்மதியாகச் சோம்பல் முறித்தாள்.

“அதோ!” என்றார் முதல்வர், குரல் தழுதழுக்க. “ஒரு கை கேட்டேன், ரெண்டு கையையும் தூக்குது பாருங்க அந்தப் பொண்ணு!”

*

மையம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. முன்பு விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைத்த இடம். பெயர்ப் பலகை கதவைவிட அகலமாகப் போய்விட்டதால் ஓரமாகத்தான் நுழைய முடிந்தது. உள்ளே காற்றுப் போன பந்துகளுக்கு நடுவில் ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்திருந்தார். வணிகவியல் சொல்லிக்கொடுக்கும் இளவயது ஆசிரியர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாத மனிதர்.

“உக்காரும்மா. வாழ்த்துகள்.”

“எதுக்கு சார்?”

“உன்னை முன்மாதிரி மாணவியாத் தேர்ந்தெடுத்திருக்காங்க. இனிமே நீ அந்தச் சலவைக் கடைக்குப் போக வேண்டாம்.”

“வேற வேலை தர்றீங்களா சார்?” என்று ஆவலோடு கேட்டாள்.

“இல்லம்மா. அதே வேலைதான். ஆனா மையத்தோட அனுமதியோட போவே. அனுமதி வர்ற வரைக்கும் போகக் கூடாது.”

“அனுமதி எப்ப வரும் சார்?”

“குழு கூடினதும்.”

“குழு எப்பக் கூடும்?”

“அமைச்சதும்.”

“யார் சார் அமைக்கணும்?”

அவர் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். “அதுக்கு ஒரு குழு போட்டிருக்காங்க.”

அனுமதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டாள். பருவத் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்றார். இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த பந்து ஒன்றை விரலால் அமுக்கினார். அது அமுங்கினபடியே நின்றது.

சலவைக் கடையை நடத்திவந்த அக்கா துணி பிழியும் யந்திரத்திலிருந்து துண்டுகளை அள்ளிக்கொண்டே கதையைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

“அதாவது, இங்க செய்யற வேலைய இங்கயே செய்யறதுக்காக நீ இங்க வராம இருக்கணும். அப்படித்தானே?”

“ஆமாக்கா.”

“நல்லாப் படிக்கிறீங்கடி.” துண்டு மூட்டையைத் தூக்கிப் போட்டாள். “கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டறேன். விடுதிக்காரனுக்கு நேரத்துக்குத் துணி போகலைன்னா என் கழுத்தப் பிடிப்பான். அதுக்கு மேல என்னை நம்பாதே.”

வீட்டில் அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். “நானுந்தான் வேலைக்குப் போகாமப் படுத்திருக்கேன். எனக்கு ஒரு பயலும் வாழ்த்துச் சொல்லல.”

மறுவாரத்திலிருந்து அப்பா மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்க ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டதற்கு, முழுசாகப் போட்டால் தொண்டையில் நிற்கிறது என்றார். மீதிப் பாதியைக் காகிதத்தில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அம்மா அதைப் பார்த்தாள். அன்றிலிருந்து ஆலையில் கூடுதல் நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

*

தகுதிக்கு முதல் படி பயிற்சி. அதற்கென்று வெளியிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஆளுமைப் பயிற்சியாளர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். முன்மாதிரி மாணவி தனியாக உட்கார்ந்தால் புகைப்படத்தில் நன்றாக இருக்காது என்று நாற்பது பேரை வகுப்பிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்திருந்தார்கள்.

“எல்லாரும் கண்ண மூடுங்க,” என்றார் பயிற்சியாளர். “இப்ப உங்க கையில உங்க முதல் சம்பளம் இருக்கு. அதோட கனத்த உணருங்க. வாசனையப் பிடிங்க. உணர முடியுதா?”

“முடியல சார்,” என்றான் கைப்பேசிக்கடைப் பையன்.

“ஏன்னா உங்களுக்குள்ள வறுமை இருக்கு. வெளியில இல்ல, உள்ள. அத முதல்ல விரட்டணும். நான் இந்த ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வாங்கறேன்னு தெரியுமா? சொன்னா மயங்கிடுவீங்க. நான் ஒரு துணியத் துவைச்சிருக்கேனா? ஒரு பெட்டியத் தூக்கியிருக்கேனா? எல்லாம் எண்ணந்தான்!”

கண்ணை மூடச் சொன்னதை அந்த அறையிலேயே உண்மையாகக் கடைப்பிடித்தவள் கொட்டாவி ஒருத்திதான். அவளுடைய மூச்சு சீராக, சற்றே ஒலியோடு ஏறி இறங்குவதைக் கேட்ட பயிற்சியாளர் உதட்டின் மேல் விரலை வைத்து எல்லோரையும் அமைதியாக்கினார். இவ்வளவு ஆழத்துக்குப் போன மாணவியைத் தான் இதுவரை கண்டதில்லை என்று போகும்போது முதல்வரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது படி நேர்காணல். முதல்வர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் வரலாற்றுத் துறை மேடம். இன்னொரு பக்கம் தொழில் உலகப் பிரதிநிதி என்ற பெயரில் முதல்வரின் மச்சினர். அவருக்குச் சொந்தமாகத் திருகாணித் தொழிற்சாலை இருந்தது. மூன்று பேர் முன்னாலும் தட்டு நிறைய பிஸ்கட். ஒருங்கிணைப்பாளர் சுவரோரமாக நின்றார்.

“இந்த வேலைக்குப் போகணும்னு ஏன் நெனைக்கிறே?” என்று கேட்டார் முதல்வர்.

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. உள்ளே ஏதாவது சூது இருக்குமோ என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

“காசுக்கு சார்.”

அறையில் பிஸ்கட் கடிபடும் சத்தம் நின்றது. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த வயசுலயே இப்படிப் பேசுதே,” என்று வருத்தத்தோடு சொன்னார்.

“காசுக்காக வேலைக்குப் போறதுன்னு ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும் சொல்லு,” என்றார் முதல்வர்.

“சம்பளம் கேக்கறதுல போய் முடியும்,” என்றார் மச்சினர். “என் தொழிற்சாலையிலயே பாத்திருக்கேன். முதல்ல காசுக்கு வேலை செய்யறேம்பான். அப்புறம் மாசம் முடிஞ்சதும் வந்து நிப்பான். ஒரு மாசம் ரெண்டு மாசம்னு இல்ல, ஒவ்வொரு மாசமும் வந்து நிப்பான்.”

பணநோக்கு மிகுந்து காணப்படுவதால் மறுபயிற்சி தேவை என்று குழு முடிவு செய்தது. வெளியே வந்ததும் ஒருங்கிணைப்பாளர் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகத் தனியே கூட்டிக்கொண்டு போனார்.

“ஏம்மா, இப்படியா போட்டு உடைப்பே? அடுத்த தடவ நான் சொல்லித் தர்றத அப்படியே சொல்லு. ‘சமுதாயத்தின் கறையைப் போக்க என்னால் இயன்ற தொண்டு.’ சொல்லு பாப்போம்.”

“துணியில இருக்கற கறையா சார்?”

“துணிய விடு. சமுதாயம். அதச் சொல்லும்போது கொஞ்சம் மேல பாரு.”

அடுத்த நேர்காணலில் அவள் மேலே பார்த்தாள். அங்கே ஒரு பல்லி இருந்தது. பல்லியைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மச்சினர், “சம்பளம் வேண்டாம்னு சொன்னா இன்னும் பொருத்தமா இருக்கும்,” என்று மட்டும் அபிப்பிராயப்பட்டார். தேறிவிட்டாள்.

மூன்றாவது படி பணியிட ஆய்வு. அவள் வேலை செய்யப்போகும் இடம் ஒரு மாணவி வேலை செய்யத் தகுந்ததுதானா என்று ஒருங்கிணைப்பாளர் நேரில் போய்ப் பார்த்து எழுதவேண்டும். ஒரு நாள் சாயங்காலம் போனார். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, “இடம் நல்ல இடந்தாம்மா,” என்றார். பிறகு ஏதோ யோசனையாக, “அந்த அம்மா சம்பளத்த வாராவாரம் கையிலேயே குடுத்துடறாங்களாமே?” என்று கேட்டார்.

“ஆமா சார்.”

“பிடித்தம் எதுவும் இல்லாம?”

“ஆமா சார்.”

“வாராவாரமா?” என்று மறுபடியும் கேட்டுவிட்டுச் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

படிகள் ஏறியாகிவிட்டது. ஆனால் சான்றிதழை மையத்தின் திறப்பு விழாவில்தான் தருவார்கள். மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் தேதி கொடுத்தால்தான் திறப்பு விழா. அவர் கொடுத்த தேதியை அவரே மாற்றினார், மாற்றிய தேதியையும் தள்ளிப்போட்டார். அவர் ஒருவழியாக வந்த நாளில் நாற்காலி தூக்கியதும் பந்தல் துணி கட்டியதும் மேடையைக் கழுவியதும் மாணவர்கள்தான். கூலி உண்டா என்று கைப்பேசிக்கடைப் பையன் கேட்டுவைத்தான். “அனுபவம் தர்றோமேப்பா, அதுக்கு விலை போட முடியுமா?” என்றார் முதல்வர்.

மேடைக்குக் கீழே ஒரு கண்காட்சி. படிக்கும்போதே சம்பாதிக்க என்னென்ன வழிகள் உண்டு என்பதை மாணவர்கள் நின்று நடித்துக் காட்டவேண்டும். கைப்பேசிக்கடைப் பையனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன் வேடம். முதுகில் ஒரு பெரிய காலிப் பெட்டியோடு நின்றான்.

“உள்ள என்ன இருக்கு?” என்று கேட்டார் தலைவர்.

“ஒண்ணும் இல்ல சார்.”

“ரொம்ப நல்லது. முதுகு வலிக்காது,” என்று தட்டிக்கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

கொட்டாவி ஒரு மேசை முன்னால் நின்று முதல்வரின் மாற்றுச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த ஒரே மின் இணைப்பை ஒலிபெருக்கிக்குக் கொடுத்துவிட்டார்கள். இஸ்திரிப் பெட்டி சில்லென்று இருந்தது. காலையிலிருந்து தேய்த்ததில் சட்டை முன்பைவிட மோசமாகக் கசங்கியிருந்தது.

“எவ்வளவு நேரமாத் தேய்க்கிறாங்க?” என்று தலைவர் கேட்டார்.

“ஆர்வம் இருக்கற வரைக்கும் தேய்ப்பாங்க சார்,” என்றார் முதல்வர்.

கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு அன்றைக்கே சலவைக் கடைக்கு ஓடினாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தாள். பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“ஆள் போட்டுட்டேன்டி,” என்றாள்.

“அக்கா…”

“எவ்வளவு நாள்தான் தாங்குவேன் சொல்லு. விடுதிக்காரன் ரெண்டு தடவ வந்து கத்திட்டுப் போயிட்டான். வந்து கேட்டார், வெச்சுட்டேன். பாவப்பட்ட மனுஷன். மெதுவாத்தான் செய்யறார், ஆனா சாயங்காலமானா டாண்ணு வந்து நிக்கறார்.”

கொட்டாவி கடை வாசற்படியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. உள்ளே யந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

*

“வேலை குடுக்கறது மையத்தோட வேலை இல்லம்மா,” என்று பொறுமையாக விளக்கினார் முதல்வர். “வழி காட்டறதுதான். இருந்தாலும் நீ முன்மாதிரி. உன்ன அப்படியே விட முடியாது. ஒரே ஒரு பதவி இருக்கு. சம்பளமும் உண்டு.”

பதவியின் பெயர் ‘வெளிப்பணிக் கண்காணிப்பு உதவியாளர்’. சாயங்காலங்களில் தெருத்தெருவாகப் போய், அனுமதி இல்லாமல் எந்த மாணவர் எந்தக் கடையில் வேலை செய்கிறார் என்று பார்த்துவந்து சொல்ல வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டையும் கொடுத்தார்கள்.

அட்டையைப் பார்த்து அப்பா வழக்கம்போலச் சிரித்தார். “வண்டி ஓட்டின காலமெல்லாம் சோதனைச் சாவடியப் பாத்துப் பயந்தேன். இப்ப சாவடியே வீட்டுக்குள்ள வந்துடுச்சு.” சிரிப்பு பாதியில் நின்றது. சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்ப முயன்றார். முதுகு விடவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

அவள் போனாள். போகாமல் இருக்க வேறு வழி இருந்தால் போயிருக்க மாட்டாள்.

கைப்பேசிக் கடையில் பையன் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தான். நிமிர்ந்தவன் முதலில் அட்டையைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

“எழுதிக்கோ,” என்றான். “இந்தக் கண்ணாடியோடயே எழுதிக்கோ. படம் வேணுமா?”

“கடைக்குள்ள ஒரே இருட்டா இருக்கு,” என்றாள் அவள். “யாரு இருக்காங்கன்னே தெரியல.”

தலைக்கு மேல் இரண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பையன் ஒரு நிமிடம் அவளையே பார்த்தான். பிறகு மறுபடி குனிந்துகொண்டான்.

மருந்துக் கடையில் அந்தப் பெண் இவளைக் கண்டதும் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுந்திருக்கட்டும் என்று கொட்டாவி எதிர்ப்பக்கம் திரும்பி நின்று, வண்ணப்பூச்சு விளம்பரம் ஒன்றைப் பொறுமையாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதற்குப் பிறகு மேல்மாடிகளை மட்டும் பார்த்துக்கொண்டே தெருவில் நடந்தாள். மேல்மாடிகளில் மாணவர் யாரும் வேலை செய்யவில்லை.

கால் போன போக்கில் போனவள் சலவைக் கடைக்கே வந்து நின்றாள். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தாள். நீராவிப் பெட்டியின் முன்னால், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தோளில் அடுக்காகத் தலையணை உறைகளோடு ஒருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

ஒருங்கிணைப்பாளர்.

நீராவி உஸ்ஸென்று அடங்கியது. தலையணை உறைகள் ஒவ்வொன்றாக அவர் தோளிலிருந்து சரிந்தன.

“ஆ… ஆய்வுக்கு வந்தேம்மா,” என்றார்.

“என்ன ஆய்வு?” என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “வந்து சேந்த நாள்லேர்ந்து ஆய்வுதான் பண்றார். எங்க தலையணை உறையில அவருக்குத் தெரியாதது இனிமே ஒண்ணும் இல்ல.”

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கதவை ஒருமுறை, அவள் கழுத்து அட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு அழுக்குமூட்டை மேல் உட்கார்ந்தார்.

“நான் மணிக்கணக்குல பாடம் எடுக்கற ஆளும்மா. நிரந்தரம் இல்ல. இந்தப் பருவம் தொடங்கினதுலேர்ந்து இன்னும் ஒரு காசு வரல. கேட்டா கோப்பு மேல போயிருக்குங்கறாங்க. மையத்துக்காவது ஏதாவது தருவாங்கன்னு ஒத்துக்கிட்டேன். கௌரவப் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. கௌரவம் மட்டுந்தான். வீட்டுல கைக்குழந்தை, பால்மாவு தீந்து போச்சு. உன் இடத்தப் பிடிக்கணும்னு வரலம்மா. ஆய்வுக்கு வந்தேன். இவங்க ஆளில்லாமத் தவிச்சுக்கிட்டிருந்தாங்க. வாராவாரம் கையில சம்பளம்னாங்க. ‘நான் வரட்டுமா’ன்னு என்னை அறியாம வாயில வந்துடுச்சு.”

கொட்டாவிக்குக் கோபம் வந்தது. எத்தனையோ நாளாக வராத கோபம். தேய்த்துக் கசக்கிய சட்டை, பல்லி, நாற்காலி, எல்லாவற்றுக்கும் சேர்த்து அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தபோது வந்தது இவ்வளவுதான்:

“எங்கப்பா மாத்திரையப் பாதியா உடைச்சு முழுங்கறார் சார்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து, சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட ஆரம்பித்தார்.

“நான் நாளைலேர்ந்து வரலம்மா.”

“வராம? குழந்தைக்கு அந்தக் கௌரவத்தக் கரைச்சுக் குடுப்பீங்களா?” அக்கா கையில் ஈரத் துணியோடு வெளியே வந்தாள். “ரெண்டு பேரும் சித்த சும்மா இருங்க. இன்னொரு விடுதிக்காரனும் என்னைத்தான் கேட்டுக்கிட்டிருக்கான். பெரிய பெரிய படுக்கை விரிப்பு. மடிக்க ரெண்டு ஆள் வேணுமேன்னுதான் யோசிச்சேன். அது வர்ற வரைக்கும் ஒரு சம்பளத்த ரெண்டாப் பிரிச்சுத் தர்றேன். வந்ததும் ஆளுக்கு முழுசு. இஷ்டமிருந்தா நில்லுங்க. இல்லன்னா வழிய விடுங்க, துணி காயணும்.”

கொட்டாவி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஒருங்கிணைப்பாளர் மறுபடி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார்.

*

சில நாள் கழித்து மதிப்பீட்டுக் குழு முழுவதுமாக வந்து அமர்ந்தது. முதல்வர் அவளை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தினார். மேடையோரத்தில் ஒருங்கிணைப்பாளர் தன் எதிரிலிருந்த தண்ணீர்க் குவளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ போன இடத்துல, வெளியில, நம்ம மாணவர் யாராவது வேலை செய்யறதப் பாத்தியாம்மா? பயப்படாமச் சொல்லு.”

“மாணவர் யாரையும் பாக்கல சார்.”

முதல்வர் இரண்டு கைகளையும் விரித்தார். “கேட்டீங்களா? மையம் தொடங்கும்போது கை தூக்கினது ஒருத்தி. இப்ப அவளும் கடைக்குப் போகல. படிச்சுக்கிட்டே வேலைக்குப் போற மாணவர் எண்ணிக்கைய ஒரே பருவத்துல ஒண்ணும் இல்லாம ஆக்கிக் காட்டின கல்லூரி வேற எங்கயாவது உண்டா?”

குழு எழுந்து நின்று கை தட்டியது. கல்லூரிக்குக் கேடயம் கிடைத்தது. கண்காணிக்க இனி யாரும் இல்லாததால் கண்காணிப்பு உதவியாளர் பதவி அந்த இடத்திலேயே ரத்தானது. பதவிக்காலம் முழுமையடையாததால் சம்பளமும் இல்லை.

அன்று சாயங்காலம் புது விடுதியின் விரிப்புகள் வந்து இறங்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கூடத்தையே மூடுகிற அகலம். அவள் ஒரு பக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டாள், அவர் எதிர்ப்பக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டார். உதறி, இழுத்து, கிட்ட வந்து, மடித்து, மறுபடி விலகினார்கள். கேடயத்துக்கான அறிக்கையை நாளைக் காலைக்குள் முடித்துக் கொடுக்கவேண்டும் என்று முதல்வர் அவரிடம் சொல்லியிருந்தார். மடிப்புக்கு மடிப்பு மேசைப் பக்கம் போய் ஒரு வரி எழுதிவிட்டு வந்தார்.

“கடைசிக் கேள்விம்மா,” என்றார். “மையத்தால வேலை கிடைச்சுப் பயனடைஞ்சவங்க எத்தனை பேர்னு கேட்டிருக்காங்க. என்ன போடறது?”

அவள் விரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

“ஒருத்தர்னு போடுங்க சார்.”

அவர் மேசைக்குப் போய் எழுதினார். பேனாவை மூடப் போனவர் நின்று, தாளை மறுபடி குனிந்து பார்த்தார்.

“ஆண் எத்தனை, பெண் எத்தனைன்னு தனித்தனியாக் கேக்கறாங்களேம்மா.”

“ஆண் ஒண்ணு,” என்றாள் அவள். “சீக்கிரம் வந்து பிடிங்க சார், முனை தரையில படுது.”